போயிங் 757-இன் இடத்தை ஏ321 எக்ஸ்எல்ஆர் நிரப்பிவிட்டதா?

குரோம்பேட்டைவாசி கேட்டது:

அதிக தூரம் பறக்கும் புதிய ஏர்பஸ் ஏ321 எக்ஸ்எல்ஆர் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் “போயிங் 757-க்கு ஒருவழியாக மாற்று வந்துவிட்டது” என்றே தொடங்குகிறார்கள். கடைசி 757 வாஷிங்டன் மாநிலத்தின் ரெண்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது 2004 அக்டோபரில். எக்ஸ்எல்ஆர் ஐபீரியா நிறுவனத்தின் பெயரில் மாட்ரிட்டிலிருந்து பாஸ்டனுக்கு முதன்முறையாகப் பயணிகளை ஏற்றிச் சென்றது 2024 நவம்பரில். இடையில் இருபது ஆண்டுகள். அவ்வளவு தேவை இருந்த விமானம் என்றால் அதன் உற்பத்தியை ஏன் நிறுத்தினார்கள் என்பது எனக்கு முதலில் எழும் கேள்வி.

அடுத்தது எண்களைப் பற்றியது. 757-200 வகையின் நீளம் 47.3 மீட்டர், இறக்கையின் அகலம் 38 மீட்டர், புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 115.7 டன், செல்லும் தூரம் சுமார் 7,250 கிலோமீட்டர். எக்ஸ்எல்ஆர் 44.5 மீட்டர் நீளமும் 35.8 மீட்டர் இறக்கையும் 101 டன் எடையும் கொண்டது. ஆனால் ஏர்பஸ் சொல்லும் தூரம் 8,700 கிலோமீட்டர். எடை குறைந்து, தூரம் கூடியிருக்கிறது. இரண்டிலும் நடுவில் ஒரே நடைபாதை, வரிசைக்கு ஆறு இருக்கைகள். இப்படிப் பார்த்தால் புதியது எல்லா வகையிலும் மேலானதாகவே தெரிகிறது. அப்படியிருக்க, 757 செய்ததை இன்னொரு விமானம் செய்யாது என்று விமானத் துறையில் இருப்பவர்கள் ஏன் சாதிக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

இறக்கைநுனி எழுதியது:

உங்கள் எண்கள் சரியானவை. ஆனால் தூரம் 757-இன் நோக்கமாகவே இருந்ததில்லை. 1970-களில் போயிங் தன் மூன்று எஞ்சின் 727-க்கு வாரிசு தேடியபோது ‘7என்7’ என்ற பெயரில் பிறந்த திட்டம் இது. 1978 ஆகஸ்டில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் முதல் வாடிக்கையாளர்களாக முன்வந்தன. முதல் பயணிகள் சேவை 1983 ஜனவரி 1 அன்று அட்லாண்டாவிலிருந்து டாம்பாவுக்கு. அடுத்த மாதம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஹீத்ரூவிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு ஓட்டியது. இரண்டுமே ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணங்கள். நியூயார்க் லகார்டியா போன்ற, 2,134 மீட்டர் ஓடுபாதையே உள்ள விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ இருநூறு பேருடன் கிளம்ப வேண்டும், வெயில் காலத்தில் டென்வர் போன்ற மேட்டு நிலத்திலிருந்தும் சுமையைக் குறைக்காமல் எழ வேண்டும் என்பவைதான் அப்போதைய விமான நிறுவனங்களின் எதிர்பார்ப்பு. அதற்கேற்ப இறக்கையைப் பெரிதாக வைத்தார்கள். பெரிய இறக்கைக்குள் 43,000 லிட்டருக்கு மேல் எரிபொருள் கொண்டதால் தூரமும் கூடவே கிடைத்தது.

757-ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே அதன் எஞ்சினைப் புகழத் தொடங்குவார்கள். ரோல்ஸ் ராய்ஸ் ஆர்பி211-535இ4 நல்ல எஞ்சின்தான். உட்புறம் கூடான அகன்ற டைட்டேனிய விசிறி இதழ்களைப் பயணிகள் விமானத்தில் முதலில் கொண்டுவந்ததும் அதுவே. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் எஞ்சின் பாதிக் கதைதான். எஞ்சினுக்கு 178 கிலோநியூட்டன் என்று வைத்தால், உச்ச எடையில் ஒரு டன்னுக்கு 3.1 கிலோநியூட்டன் உந்துவிசை வருகிறது. எக்ஸ்எல்ஆரின் எஞ்சின்கள் 145 கிலோநியூட்டன் அளவில் இருப்பதால் அங்கே 2.9 வரும். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இல்லை இது.

உண்மையான வேறுபாடு இறக்கையின் பரப்பில் இருக்கிறது. 757-க்குச் சுமார் 185 சதுர மீட்டர். ஏ321-க்கு 120 சதுர மீட்டருக்குச் சற்று மேல். உச்ச எடையில் 757-இன் ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் ஏறத்தாழ 625 கிலோவைத் தாங்குகிறது. எக்ஸ்எல்ஆரில் அதே பரப்பு 800 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டியிருக்கிறது. சுமை கூடினால் எழுவதற்கான வேகம் கூடும். வேகம் கூடினால் ஓடுபாதையும் கூடுதலாகத் தேவைப்படும். இதோடு, உள்நாட்டுச் சேவையில் 757 தன் உச்ச எடைக்கு அருகில்கூடப் போவதில்லை. பயணிகள் நிரம்பி, இரண்டு மணி நேரத்துக்கான எரிபொருளோடு 90 டன் அளவில் கிளம்பும்போது ஒரு டன்னுக்குக் கிட்டத்தட்ட 4 கிலோநியூட்டன் கையில் இருக்கும். விமானிகள் ரசித்துப் பேசுவது இந்த நிலையிலுள்ள 757-ஐத்தான். அட்லாண்டிக்கைக் கடக்க எரிபொருளை முழுவதுமாக நிரப்பிய 757-ஐ அல்ல.

உபரி வலிமை வேடிக்கைக்காக வைக்கப்பட்டது அன்று. இரட்டை எஞ்சின் விமானம் ஓடுபாதையில் குறிப்பிட்ட வேகத்தைக் கடந்த பிறகு ஓர் எஞ்சின் நின்றுபோனால், மீதமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டே எழுந்து, எதிரே உள்ள மலைகளைத் தாண்டியாக வேண்டும். காற்று மெலிந்த உயரத்தில் எஞ்சினும் இறக்கையும் ஒருசேரத் திறன் குறைகின்றன. 3,500 மீட்டருக்கு மேலுள்ள திபெத்தின் லாசாவுக்குச் சீன நிறுவனங்கள் 757-ஐ ஓட்டியதும், கொலராடோவின் பனிச்சறுக்கு ஊர்களுக்கு அருகிலுள்ள ஈகிள் விமான நிலையத்துக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதையே அனுப்பியதும் இதனால்தான். காத்மாண்டுவும் அந்தப் பட்டியலில் உண்டு. ராயல் நேபாள் ஏர்லைன்ஸ் 1980-களின் இறுதியில் வாங்கிய இரண்டில் ஒன்று, முன்பகுதியில் சரக்கும் பின்பகுதியில் பயணிகளும் ஏறும்படி அமைக்கப்பட்ட கலப்பு வகை. போயிங் அந்த வகையில் கட்டியது அந்த ஒரே ஒரு விமானம்தான்.

---

ஹட்சன் கரை எழுதியது:

இறக்கைநுனி அவர்கள் வடிவமைப்பைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் நியூஜெர்சியில் வசிப்பவன். விமான நிறுவனங்கள் இதை எப்படிப் பயன்படுத்தின என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

இரட்டை எஞ்சின் விமானங்கள் அவசரத்துக்கு இறங்கக்கூடிய ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள்தான் பறக்க வேண்டும் என்ற பழைய விதி 1985-இல் தளர்ந்து, 120 நிமிடம் வரை அனுமதி கிடைக்கத் தொடங்கியது. ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் பொருத்திய 757-க்கு 1986-இன் இறுதியிலும், பிராட் அண்ட் விட்னி பொருத்தியவற்றுக்கு 1990-இலும் அந்த அனுமதி வந்தது. ஐஸ்லாந்து ஏர் அந்த 1990-இலேயே 757-ஐ வாங்கத் தொடங்கி, ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையத்தை நடுவில் வைத்து அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் தன் தொழில் முழுவதையும் அதன்மீதே கட்டியது. அந்நிறுவனத்தின் துணை அமைப்பு 2015 நவம்பரில் ஒரு 757-ஐ அன்டார்ட்டிகாவின் யூனியன் பனியாற்று ஓடுபாதையில் இறக்கியது தனிச் சுவை.

காண்டினென்டல் நிறுவனமும் பின்னர் அதனோடு இணைந்த யுனைடெட்டும் நியூவார்க்கிலிருந்து செய்தது இன்னும் துணிச்சலான வேலை. நாளொன்றுக்கு முந்நூறு பேர் சேராத ஐரோப்பிய ஊர்களுக்குப் பெரிய விமானம் கட்டுப்படியாகாது. 757-இல் 170 பேர் அளவில் ஏற்றி அனுப்பினால் கட்டுப்படியாகும். பெர்லின், ஸ்டுட்கார்ட் போன்ற ஊர்களுக்கு நேரடிச் சேவை கிடைத்தது இப்படித்தான்.

அதன் எல்லையும் அங்கேயே தெரிந்தது. பெர்லினிலிருந்து நியூவார்க் சுமார் 6,400 கிலோமீட்டர். தாளில் பார்த்தால் இன்னும் எண்ணூறு கிலோமீட்டர் மீதம் இருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கின் மேலே வீசும் மேற்கத்திய காற்று மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும்போது அந்த மீதம் கரைந்துபோகும். 2011 டிசம்பரிலும் 2012 ஜனவரியிலும் காற்று வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்ததால், மேற்கே வந்த 757-கள் பலமுறை கனடாவின் காண்டர், கூஸ் பே ஆகிய இடங்களில் எரிபொருளுக்காக இறங்க நேர்ந்தது. ஆகவே எக்ஸ்எல்ஆரின் கூடுதல் தூரத்தை வெறும் விளம்பரமாகக் கருத வேண்டாம். நடைமுறையில் ஜனவரி மாதத்து மேற்குநோக்கிய பயணம் நிற்காமல் முடிகிறதா என்பதுதான் அதன் பொருள். யுனைடெட் 2019 டிசம்பரில் 50 எக்ஸ்எல்ஆர்களுக்கு ஆணை கொடுத்ததும் இந்தச் சேவைகளை மனத்தில் வைத்தே.

பயணியின் பார்வையில் ஒரு சொல். 757-இன் உட்புற அகலம் 3.54 மீட்டர், 1950-களின் 707-இலிருந்து வந்த அதே குறுக்களவு. ஏ321-இல் 3.70 மீட்டர். பதினாறு சென்டிமீட்டர் வேறுபாட்டை ஏழு மணி நேரப் பயணத்தில் தோள்பட்டை நன்றாகவே உணரும். 757-க்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு: பல நிறுவனங்களின் 757-இல் ஏறும் கதவு இறக்கைக்கு முன்னால், இரண்டாவதாக உள்ளது. முன்வகுப்பினர் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் பிரிந்துவிடுவதால் வாசலில் நெரிசல் குறைகிறது. 54.4 மீட்டர் நீளமுள்ள 757-300-இல் கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கு இந்த வசதி எந்த ஆறுதலும் தராது; இறங்குவதற்குள் பொறுமை போய்விடும்.

---

பழைய கால அட்டவணை எழுதியது:

இந்தியத் தொடர்பு ஒன்று விடுபட்டிருக்கிறது. இந்தியன் ஏர்லைன்ஸ் 1984-இல் 757-ஐ வாங்கும் முடிவுக்கு வெகு அருகில் வந்திருந்தது. அடுத்த ஆண்டு அரசின் போக்கு ஏர்பஸ் பக்கம் திரும்பி, 1986-இல் ஏ320-க்கு ஒப்பந்தமாகி, 1989-இல் விமானங்கள் வந்து சேர்ந்தன. அந்த மாற்றத்தைச் சுற்றி எழுந்த அரசியலையும் விசாரணையையும் இங்கே இழுக்க விரும்பவில்லை. ஆனால் சக்கரங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

757-இன் பிரதானத் தரையிறங்கு அமைப்பில் பக்கத்துக்கு நான்காக எட்டுச் சக்கரங்கள் உள்ளன. ஏ320, ஏ321 குடும்பத்தில் பக்கத்துக்கு இரண்டுதான். அன்றைய இந்திய உள்நாட்டு ஓடுபாதைகள் பலவற்றின் தளம் வலுவற்றது என்பதால் இந்தியன் ஏர்லைன்ஸ் தன் முதல் ஏ320-களைப் பக்கத்துக்கு நான்கு சக்கரங்களோடு செய்து தரக் கேட்டு வாங்கியது. உலகில் வேறு எந்த நிறுவனமும் அப்படி ஓட்டவில்லை. சென்னை விமான நிலையத்தில் அவற்றைப் பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு நினைவிருக்கும். குரோம்பேட்டைவாசி கேட்ட ஒப்பீட்டில் இதையும் சேர்க்க வேண்டும்: 115 டன்னை எட்டுச் சக்கரங்கள் பகிர்ந்துகொள்வதும் 101 டன்னை நான்கு சக்கரங்கள் தாங்குவதும் ஓடுபாதைக்கு ஒன்றல்ல. எடை குறைந்த விமானம் தளத்தை அதிகமாக அழுத்துகிறது.

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலும் 757 ஒரு விதிவிலக்கு. எடையின்படி நடுத்தர வகையைச் சேர்ந்தது; கனரக வகைக்கு 136 டன் வேண்டும். ஆனால் அதன் இறக்கை நுனியிலிருந்து பின்னால் விரியும் சுழல்காற்று எடைக்கு மீறிய வலுவுடையது. 1992-இலும் 1993-இலும் அமெரிக்காவில் 757-க்குப் பின்னால் தரையிறங்க வந்த சிறிய விமானங்கள் கவிழ்ந்து விழுந்த பிறகு, அதற்குப் பின்னால் வருவோர் கூடுதல் இடைவெளி விட வேண்டும் என்று விதித்தார்கள்.

---

குரோம்பேட்டைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. சக்கரக் கணக்கை நான் யோசித்தே பார்க்கவில்லை. ஆனால் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. இவ்வளவு வலிமையும் வாடிக்கையாளர்களும் இருந்தும் ஏன் நிறுத்தினார்கள்? சரக்குச் சேவையில் இது இன்னும் ஓடுவது எதனால் என்பதையும் யாராவது சொல்ல முடியுமா?

---

இறக்கைநுனி எழுதியது:

வாடிக்கையாளர்கள் எப்போதும் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. எரிபொருள் விலை ஏறியிருந்த காலத்தில் வரையப்பட்ட விமானம் இது. 1980-களின் நடுவில் விலை இறங்கியதும் நிறுவனங்கள் மலிவான 737-300-ஐயும் எம்டி-80-ஐயும் வாங்கப் போய்விட்டன. 1988, 1989 ஆண்டுகளில்தான் ஆணைகள் குவிந்தன. அமெரிக்கனும் யுனைடெட்டும் சேர்ந்து மட்டும் 160. பிறகு 737-உம் ஏ321-உம் நீண்டு, 757 ஏற்றும் பயணிகளை ஏறக்குறைய ஏற்றத் தொடங்கின. இரண்டு மணி நேரத் தடத்துக்கு அட்லாண்டிக்கைத் தாண்டும் இறக்கையையும் எட்டுச் சக்கரங்களையும் சுமந்து செல்வது வீண்செலவு என்று கணக்குப் பிள்ளைகள் சொன்னதில் தவறில்லை. 2001 செப்டம்பருக்குப் பின் சந்தை சரிந்தது. காண்டினென்டல் தன் மீதமிருந்த 757-300 ஆணைகளை 737-800-க்கு மாற்றிக்கொண்டது. போயிங் 2003 அக்டோபரில் முடிவை அறிவித்தது. நீட்டப்பட்ட 757-300 வகையில் விற்றவை 55 மட்டுமே. எல்லா வகையும் சேர்த்து 1,050. கடைசி விமானம் ஓராண்டுக்கு மேல் காத்திருந்து 2005 நவம்பரில் ஷாங்காய் ஏர்லைன்ஸுக்குப் போனது.

அட்லாண்டிக்கின் கூட்டம் குறைந்த தடங்களில் 757-க்கு இருந்த மதிப்பு பெரும்பாலும் பழைய விமானங்களின் விலை தேய்ந்த பிறகு வந்தது என்பது என் கருத்து. கடன் தீர்ந்த விமானத்தைக் கொண்டு பெர்லினுக்குச் சேவை நடத்தலாம். அதே சேவைக்காகப் புதிய 757-ஐ 2004-ஆம் ஆண்டு விலைக்கு எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள் என்று தெரியவில்லை. வாங்குவோர் வரிசையில் நிற்காதபோது தொழிற்சாலையை எப்படித் திறந்து வைப்பது? நடுத்தர அளவில் ஒரு புதிய விமானம் செய்யலாமா என்று போயிங் பல ஆண்டுகள் பேசிவிட்டு 2020-இல் அந்தத் திட்டத்தையும் ஓரம் கட்டியது.

எக்ஸ்எல்ஆர் அட்லாண்டிக் வேலையை எடுத்துக்கொண்டது. முந்தைய தலைமுறையைவிட ஓர் இருக்கைக்கு 30 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்பது ஏர்பஸின் கணக்கு. ஐபீரியா அதில் 182 இருக்கைகள் வைத்திருக்கிறது. ஐஸ்லாந்து ஏரும் ஏ321 குடும்பத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. உயரமான விமான நிலையங்களுக்கு எக்ஸ்எல்ஆர் உரியதன்று. அங்கே ஏ319 போன்ற குட்டையான, எடை குறைந்த விமானங்கள் வந்துவிட்டன. இருநூறு பேருக்குப் பதில் நூற்று இருபது, நூற்று முப்பது பேரோடு போகின்றன. ஒரே விமானம் செய்துவந்ததை இப்போது இரண்டு வகைகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

---

மீனம்பாக்கத்தான் எழுதியது:

சரக்கு ஏற்றும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் 757 சரக்கு விமானங்களை ஓட்டிவருகிறது. சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று இரவோடு இரவாகக் கூரியர் சுற்றும் வலையில் அவை ஓடுகின்றன. உலக அளவில் ஃபெட்எக்ஸ், யுபிஎஸ், டிஎச்எல், சீனாவின் எஸ்எஃப் ஏர்லைன்ஸ் ஆகியவை பெரிய அளவில் வைத்திருக்கின்றன. இவற்றில் யுபிஎஸ் 1985-இலேயே தொழிற்சாலையிலிருந்து நேராகச் சரக்கு வகைக்கு ஆணை கொடுத்த நிறுவனம். மற்றவர்களுடையவை பெரும்பாலும் பயணிகள் விமானமாக இருந்து மாற்றப்பட்டவை.

முன்பக்கம் இடப்புறத்தில் 3.4 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய கதவு. மேல்தளத்தில் பாலெட் எனப்படும் சரக்குத் தட்டுகள் பதினைந்து வரை ஒரே வரிசையாக நிற்கும். கதவுக்கு நேரே தரையெங்கும் உருளும் குண்டுகள் பதித்திருப்பார்கள். இரண்டு டன் பாலெட்டை இரண்டு மூன்று பேர் அதன்மீது திருப்பி, உருளைகளின் வழியே பின்னோக்கித் தள்ளி, ஒவ்வொன்றையும் தரைப்பூட்டில் மாட்டுவார்கள். கதவு முன்னால் இருப்பதால் பின்பகுதிதான் முதலில் நிரம்பும். கணக்கில்லாமல் ஏற்றினால் மூக்கு தூக்கி வால் தரையில் உட்கார்ந்துவிடும். எடைத் தாளைப் பார்க்காமல் ஒரு பாலெட்டையும் உள்ளே விடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லித் தருவார்கள்.

கூரியர் பெட்டிகளில் எடை குறைவு, இடம்தான் அதிகம். அதிக எடை தூக்கும் விமானத்தைவிட அதிக இடம் தரும் விமானமே இந்தத் தொழிலுக்கு லாபம். 757-இன் நீண்ட உடல் இதற்குப் பொருத்தம். விமானம் இரவில் இரண்டு மூன்று முறை பறந்துவிட்டுப் பகலெல்லாம் நிற்பதால், எரிபொருள் கூடுதலாகச் செலவானாலும் குறைந்த விலைக்கு வாங்கிய பழைய விமானம் கணக்கில் தேறிவிடுகிறது.

குறை வயிற்றறையில் இருக்கிறது. 757-இன் கீழறையில் கொள்கலன் ஏறாது. ஒவ்வொரு மூட்டையையும் கையால் வாங்கி, நிமிர முடியாத இடத்தில் முழங்காலிட்டு அடுக்க வேண்டும். மே மாதப் பகலில், மூடியே கிடந்த அந்த அறைக்குள் முதலில் நுழைகிறவரின் சட்டை ஐந்து நிமிடத்தில் நனைந்துவிடும். ஏ321 சரக்கு வகையில் மேலே பதினான்கு பாலெட்டுக்கு இடம். கீழே பத்துச் சிறிய கொள்கலன்களை இயந்திரத்தாலேயே ஏற்றலாம். ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் 2020-இல் அதை முதலில் சேவையில் விட்டது. ஏற்றுகிற ஆளைக் கேட்டால் எல்லோரும் அதற்கே வாக்களிப்பார்கள்.

ஆனால் மாற்றுவதற்குப் பழைய ஏ321 வேண்டுமே. 2023-இலிருந்து பிராட் அண்ட் விட்னியின் புதிய எஞ்சின்களை, பாகங்கள் செய்யும் உலோகத் தூளில் கண்ட குறைக்காகக் கழற்றிச் சோதித்து வருவதால், புதிய விமானங்கள் பல தரையில் நிற்கின்றன. அந்த இடைவெளியை நிரப்ப நிறுவனங்கள் பழைய ஏ321-களையே பயணிகள் சேவையில் தக்கவைத்துக்கொள்கின்றன. அவை சரக்குப் பக்கம் வருவது தாமதமாகிக்கொண்டிருக்கும் வரை 757-களுக்கு வேலை இருக்கும்.